ஸ்பேர் என்ற கொழுந்தன்

அவன் பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில். மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக இருந்த வீடு. அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பால் இல்லை. புது மருமகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பதறாதே" என்றாள் மாமியார். "கடைக்கு ஸ்பேரை அனுப்பியிருக்கேன். வந்துடும்."

வந்துடும் என்றாளே தவிர வந்துடுவான் என்று சொல்லவில்லை. அதனால் அது ஏதோ வளர்ப்பு நாய் போலிருக்கிறது, கூடையை வாயில் கவ்விக்கொண்டு கடைக்குப் போய்வரப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். கதவு திறந்தது. பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தது கதவு உயரத்துக்கு ஓர் ஆள். காக்கிச் சட்டை, கசங்கிய காலர், தூங்காத கண்.

"அண்ணி, நான்தான் உங்க கொழுந்தன். கல்யாணத்துக்கு வர முடியலை, மன்னிச்சுக்கங்க. டூட்டி போட்டுட்டாங்க."

சொந்த அண்ணன் கல்யாணத்துக்கே வராத தம்பி. விசாரித்தால், பஸ் டிப்போவில் இன்னொரு டிரைவர் வீட்டிலும் அன்றைக்குத்தான் கல்யாணமாம். அவருக்கு லீவு கொடுத்துவிட்டு அவர் வண்டியில் இவனை ஏற்றியிருக்கிறார்கள்.

பெயர் வந்த கதையை மாமியாரே சொன்னாள், அதுவும் அவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு. மூத்த பிள்ளை பிறந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தானாம். தேறுவது கஷ்டம் என்று கையை விரித்துவிட்டார்களாம். காலமாகிவிட்ட மாமனார் லாரிப் பட்டறைக்காரர். அடுத்த பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, இது ஸ்பேருக்கு இருக்கட்டும்" என்றாராம். மூத்தவன் அதற்கப்புறம் குண்டுக்கல் மாதிரி தேறிவிட்டான். இளையவனுக்கு விழுந்த பெயர் விழுந்ததுதான்.

"அவன் தேறலைன்னா இவனைத்தான் மாட்டியிருப்போம்" என்று மாமியார் சிரித்தாள், சக்கரத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

"நல்லவேளை அண்ணி, தப்பிச்சீங்க" என்று அவனும் சேர்ந்து சிரித்தான். "இல்லேன்னா உங்க தலையில என்னைக் கட்டியிருப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்களாகவே பிறந்த வீட்டில் அவள் மூன்றாவது. பெரியக்கா போட்டு, நடு அக்கா போட்டு, குதிகால் தேய்ந்த செருப்புதான் அவள் காலுக்கு வந்து சேரும். அந்தச் செருப்பு பேசினால் எப்படிப் பேசுமோ அப்படி இருந்தது அவன் பேச்சு. அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். தம்பி என்றுதான் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட முதல் தடவை அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

பெயர் ஒன்றுதான். அதற்கு அந்த வீட்டில் எத்தனை வேலை! வீட்டின் இரண்டாவது சாவி அவனிடம்தான் இருக்கும், யார் எந்த நேரத்தில் சாவியைத் தொலைத்தாலும் அவன் ஓடிவர வேண்டும். விருந்தாளி வந்தால் அவன் கட்டில்தான் ஸ்பேர் கட்டில், அவன் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். அண்ணன்காரர் பெயிண்டர். கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் வர்ணமும் அடிக்கிற வேலை. ஆள் குறைந்தால், "ஸ்பேர் டைம்ல வந்து ஒரு கை கொடுடா" என்பார். அந்த ஸ்பேர் டைம் என்பது அவனுடைய வார விடுமுறை. சாப்பாட்டு வேளையில் ஒரு துண்டு ரொட்டி மிஞ்சினால், "வீணாப் போகுது, ஸ்பேருக்கு வை" என்பாள் மாமியார். ஒரு துண்டு குறைந்தாலும் அதே ஸ்பேருக்குத்தான் குறையும். மிச்சத்துக்கும் அவன்தான், பற்றாக்குறைக்கும் அவன்தான்.

வேலைக்குப் போன இடத்திலாவது பெயர் மாறியதா என்றால், அங்கே அதையே உத்தியோகமாகக் கொடுத்துவிட்டார்கள். டிப்போவில் ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு டிரைவர் உண்டு. ரூட் கிடைக்காதவர்கள் ஸ்பேர். விடிவதற்கு முன்பே வந்து டைம்கீப்பர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நீள பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும். யாராவது காய்ச்சல் என்றோ பிள்ளைக்குப் பரீட்சை என்றோ வராவிட்டால், டைம்கீப்பர் பேனாவால் கண்ணாடியைத் தட்டுவார். தட்டினால் எழுந்து போய் எந்த வண்டி காட்டப்படுகிறதோ அதில் ஏற வேண்டும். தட்டாவிட்டால் வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அவள் வேலை பார்த்த ரொட்டித் தொழிற்கூடம் டிப்போவுக்கு அடுத்த தெருவில் இருந்தது. ரொட்டியைப் பையில் போட்டு வாய் கட்டுகிற வேலை. டிப்போ கேண்டீனுக்கும் அங்கிருந்துதான் ரொட்டி போகும். ரொட்டி கொண்டுபோகிற நாட்களில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். மடியில் ஒரு பழைய மெத்தைத் துண்டு இருக்கும்.

"இது எதுக்கு தம்பி?"

"ஒவ்வொருத்தன் சீட்டும் ஒவ்வொரு குழி அண்ணி. குட்டையா இருக்கறவன் சீட்டுல உட்கார்ந்தா என் முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும். பெரிய உடம்புக்காரன் சீட்டுல உட்கார்ந்தா கிணத்துல விழுந்த மாதிரி. அதான் என் குழியை நானே கொண்டுபோயிடறேன்."

அதைக்கூட அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. வண்டியை முதல் நிறுத்தத்தில் நிறுத்தினால், ஏறுகிற ஜனங்கள் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எங்கே, நம்ம டிரைவரைக் காணோம்?" அவர்கள் மேல் தப்பில்லை. பழகிய முகத்தைத் தேடுகிறார்கள். ஆனால் அவன் ஆயுசு முழுக்க, வேலைக்குப் போனவுடன் காதில் விழுகிற முதல் வார்த்தை வேறொருத்தனைப் பற்றிய விசாரிப்பாகவே இருந்தது.

பொத்தான்காரி வந்தது அப்புறம்தான்.

சந்தை வாசலில், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, ஒரு கதவு அகலத்துக்கு ஒரு கடை. நூல், ஊசி, ஜிப், பொத்தான். அந்தக் கடைக்காரியை ஊரே பொத்தான்காரி என்றுதான் சொல்லும். ஒருநாள் சந்தை வழியாகச் சுற்றி வருகிற ரூட்டில் இவனைப் போட்டிருந்தார்கள். நடுவில் சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்துவிட்டது. வண்டி நின்ற இடைவெளியில் ஓடிப்போய் அவள் கடையில் ஒரு பொத்தான் கேட்டான்.

அவள் அவன் சட்டையின் கீழ் மடிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காசை வீணாக்காதீங்க. உள்ளேயே ஒண்ணு ஸ்பேர் வச்சுத் தைச்சிருக்கான்" என்றாள்.

அவன் நடுச்சந்தையில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தானாம். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அவள் கேட்க, பெயரைச் சொன்னான். அவள் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை முடித்தவள், இங்கிலீஷ் கொஞ்சம் வரும்.

"அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமும் இருக்கு, தெரியுமா உங்களுக்கு? அடிக்க வேண்டியவனை அடிக்காம விடறது. போனாப் போகுதுன்னு இரக்கப்பட்டு விட்டுடறது. அதுக்கும் ஸ்பேர்தான்."

"இருக்கலாம். அந்த அர்த்தத்துல என்னை இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லைங்க."

இதை அவன் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மட்டும் சொன்னான், காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே. சொன்ன தோரணையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்கப்புறம் அவன் சட்டைகளில் பொத்தான் அடிக்கடி அறுந்தது.

"என்ன தம்பி, சட்டையை எலி கடிக்குதா?" என்பாள் அண்ணி.

"மட்டமான நூல் அண்ணி."

"மட்டமான நூலை விக்கிற கடைக்கே ஏன் திரும்பத் திரும்பப் போறீங்க?"

அவன் காது சிவந்துபோகும்.

பொத்தான்காரிக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தகப்பன் லாரி ஓட்டப் போனவன், என்றைக்கு வருவான் என்று தெரியாமலே அவள் அம்மா வாசலைப் பார்த்துப் பார்த்துக் காலத்தை ஓட்டினவள். அதனால் மகள் பேச்சில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. "நீங்க ஒருநாள் வர்றீங்க, அப்புறம் பத்துநாள் காணோம். வர்ற பஸ்ஸையெல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து எனக்குக் கழுத்து வலிக்குது. அந்தச் சந்தை ரூட்டை எடுங்க. தினமும் கடை முன்னாடி உங்க வண்டி நிக்கட்டும். எடுத்த அன்னைக்கே கல்யாணத்துக்கு நான் சரின்னு சொல்றேன்."

டிப்போவில் வருஷத்துக்கு ஒருமுறை ரூட் எடுக்கிற நாள் வரும். எண் எழுதின தகடுகளைப் பலகையில் ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள். யார் முன்னால் வேலையில் சேர்ந்தார்களோ அவர்கள் பெயரை முதலில் கூப்பிடுவார்கள். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய்ப் பிடித்த தகட்டை எடுத்துக்கொள்ளலாம். இவன் முறை வருவதற்குள் பலகை எப்போதும் வெறும் ஆணியாகிவிடும். அந்த வருஷம் பழைய ஆட்கள் நிறையப் பேர் ஓய்வு பெற்றார்கள். இவன் முறை வரும்போது சந்தை ரூட் பலகையில் மிச்சமிருக்கும் என்று டைம்கீப்பரே சொல்லிவிட்டார். கூடவே ஒன்று உண்டு. முறை வந்தும் எடுக்காமல் விட்டால், அவன் வரிசையில் எல்லோருக்கும் கடைசியில் போய்விடுவான். மறுபடி முறை வர வருஷக்கணக்கில் ஆகும்.

அதற்கு நாலு மாதம் முன்னால்தான் அண்ணன்காரர் சாரத்திலிருந்து விழுந்தார்.

இரண்டாவது மாடி உயரத்தில் நின்று வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது பலகை சரிந்துவிட்டது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே கால் சொன்னபடி கேட்கவில்லை. பிசியோதெரபிக்காரர் நரம்பு அறுந்துபோகவில்லை, ஒரு வருஷம் விடாமல் பயிற்சி கொடுத்தால் நடக்கலாம், நடுவில் விட்டால் கால் சூம்பிப்போகும் என்றார். வாரத்தில் மூன்று தடவை போக வேண்டும். வீடோ மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு ஓர் ஆள் அகலம்.

தூக்கிக்கொண்டு போனது யார் என்று சொல்லவும் வேண்டுமா? கட்டிலுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்துவான். அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அண்ணி ஒரு போர்வையை இரண்டு பேர் இடுப்பிலும் சேர்த்து இறுக்குவாள். அவன் ஒரு கையால் சுவரைப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைப்பான். அண்ணன்காரர் முதுகில் இருந்தபடியே அதிகாரம் பண்ணுவார்.

"டேய், மெதுவா. பிரேக்கு போடு."

"அடுத்த நிறுத்தம் ரெண்டாவது மாடி. இறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க."

"இறங்க முடிஞ்சா உன் முதுகுல ஏன்டா ஏறறேன், கழுதை!"

அண்ணி பின்னாலேயே செருப்பையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்குவாள். சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அவன் முழங்கால் ஒவ்வொரு படியிலும் நடுங்குவதைப் பார்ப்பாள்.

அவன் ஸ்பேரில் இருந்ததால்தான் இது நடந்தது. டைம்கீப்பர் நல்ல மனுஷர், பயிற்சி நாட்களில் கண்ணாடியைத் தட்டும்போது இவனை விட்டுப் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவார். ரூட்டை எடுத்துவிட்டால் அப்படி முடியாது. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கலாம்.

"ரூட்டு எங்கேயும் ஓடிப்போகாது. என் புள்ளை காலு ஓடிப்போயிடும்" என்றாள் மாமியார், மருமகளிடம். மகனிடம் சொல்லவில்லை.

அண்ணி விடவில்லை. அவள் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். சந்தையில் மூட்டை தூக்குகிற இருவரைப் பேசி வைத்தாள். நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து இறக்கினால் ஆயிற்று. ரூட் எடுக்கிற நாளுக்கு முன்பே ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும். கொழுந்தனை அன்றைக்கு டூட்டிக்கு அனுப்பிவிட்டு ஆட்களை வரவழைத்தாள்.

மூட்டைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், குறை சொல்ல முடியாது. மூன்றாம் மாடியிலிருந்து திரும்புகிற முனைவரை பூப்போல இறக்கினார்கள். முனையில் திருப்புவதற்காக நாற்காலியைப் பின்பக்கம் கொஞ்சம் சாய்த்தார்கள். அவ்வளவுதான். சாரம் சரிந்த அந்த நொடி அண்ணன்காரர் கண்முன்னால் வந்துவிட்டது. "விழறேன், விழறேன்" என்று அலறிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடவே இல்லை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கால்சட்டை நனைந்துவிட்டது. மூட்டைக்காரர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அவரைத் திரும்ப மேலே கொண்டுவந்து விட்டார்கள்.

"இனிமே வேற யார் கையிலயும் இறங்கமாட்டேன். கால் போனாப் போகட்டும். அவன் முதுகுலதான் இறங்குவேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார் அவர்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான்.  அவனாகவே வாசல் ஓரம் கிடந்த நாற்காலியைப் பார்த்தான். சோப்புப் போட்டுக் கழுவி வெயில் படுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்தான்.

"தம்பி, அது ஒரு நாள் பயம். பழகிடும். நீங்க ரூட்டை எடுங்க" என்றாள் அண்ணி.

"சரி அண்ணி."

"சரின்னா? எடுக்கறீங்கதானே?"

"அதான் சரின்னு சொன்னேனே."

"அந்தப் பொண்ணு எத்தனை நாள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பா?"

"நீங்க போய் அண்ணனுக்கு டீ கொடுங்க. ஆறிடப் போகுது."

போகாதே என்று அந்த வீட்டில் ஒருவரும் அவனிடம் வாயைத் திறந்து சொல்லவில்லை. அண்ணன் சொல்லவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் சொல்லவில்லை, பெருமூச்சுதான் விட்டாள். கேட்டிருந்தால் அவன் மாட்டேன் என்றாவது சொல்லியிருப்பான். கேட்காதவர்களிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது?

ரூட் எடுக்கிற நாளன்று டிப்போ கேண்டீனுக்கு ரொட்டி கொண்டுபோவது வேறொருத்தியின் முறை. அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டாள். ரொட்டிக் கூடையோடு அவனுக்கென்று தனியாக ஒரு பையில் சூடாகப் பன்னும் எடுத்துக்கொண்டாள். முற்றத்தில் டிரைவர்கள் கூட்டமாக நின்றார்கள். டைம்கீப்பர் ஸ்டூல் மேல் ஏறி நின்று பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் போய்த் தகட்டை எடுக்க, கூட்டம் கேலியும் கைதட்டலுமாக இருந்தது. அப்புறம் ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரோ என்று அவள் நினைத்தாள். கொழுந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தபோதுதான், அது அவனுடைய சொந்தப் பெயர் என்று அவளுக்கு உறைத்தது.

சந்தை ரூட் தகடு ஆணியில் இருந்தது. கொஞ்சம் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டி, அதை நேராக வைத்தான். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"அடுத்தவரைக் கூப்பிடுங்க சார்."

"யோவ், என்னய்யா விளையாட்டு? விட்டா வரிசைக்குக் கடைசியில போயிடுவே, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அந்த பெஞ்சை இவன் பேருக்கே எழுதிக் கொடுத்துடுங்கப்பா!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவன் ஓடிவந்து தகட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு போனான்.

அண்ணிக்கு முதலில் வந்தது நிம்மதி. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது போல ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை விட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் அவளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான்.

"பன்னா அண்ணி? சூடா இருக்கா?"

"ஏன் தம்பி இப்படிப் பண்ணினீங்க?"

"அண்ணன் நடந்துட்டார்னா அப்புறம் என்ன? அடுத்த தடவை எடுத்துக்கலாம்." வாயில் பன்னை வைத்துக்கொண்டு சொன்னான். 

பொத்தான்காரி சண்டை போடவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கே வந்தாள். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவளை அண்ணி உட்காரச் சொன்னாள். அவன் அண்ணனோடு பயிற்சிக்குப் போயிருந்தான்.

"இந்தப் படியிலயா தூக்கிட்டுப் போறார்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"வெறும் ஆளா ஏறவே எனக்கு நெஞ்சு அடைக்குதே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் பண்ணினது தப்புன்னு நான் சொல்லலைக்கா. தப்பா இருந்தா ஒரு மூச்சுத் திட்டிட்டுப் போயிடுவேன். எங்கம்மா மாதிரி எனக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது. இன்னைக்கு அண்ணன், நாளைக்கு அம்மா, அப்புறம் வேற யாராவது. அவரை யாராவது கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. அவரும் போயிட்டேதான் இருப்பார்."

"ஒரு வருஷம்தான்மா. பொறுத்துக்க முடியாதா?"

"நீங்க சொல்லுங்கக்கா. ஒரு வருஷத்தோட முடிஞ்சுடுமா?"

அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீ கொடுத்தாள். பொத்தான்காரி முழுவதையும் குடித்தாள், தம்ளரைக் கழுவி வைத்தாள், போனாள். கீழே வாசலில் அவனும் அண்ணனும் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அண்ணன் முதுகில் இருந்ததால் அவனால் நிற்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. "வரேங்க" என்று அவள் சொல்ல, "சரிங்க" என்று அவன் சொல்ல, அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு மேலே ஏறும்போது அடுத்த நிறுத்தம் என்று அவன் சொல்லவில்லை. "என்னடா, கண்டக்டர் லீவா?" என்று அண்ணன் கேட்டும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பொத்தான்காரி ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர் என்று கேள்வி. கடை வேறு கைக்கு மாறிவிட்டது.

அண்ணன்காரர் நடந்தார். அது பொய்யில்லை. ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆயிற்று. முதலில் சுவரைப் பிடித்து, பிறகு கோலை ஊன்றி, பிறகு கோலும் இல்லாமல். வீடே கொண்டாடியது. உயரம் ஏறுகிற வேலையை விட்டுவிட்டுக் கீழ்ச் சுவர்களுக்கு மட்டும் வர்ணம் அடித்தார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "மனுஷன் மனசு வச்சா முடியாதது உண்டா? என்னைப் பாருங்க" என்பார். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாமா, அண்ணனுக்கு எப்பவுமே மனோதைரியம் ஜாஸ்தி" என்பான். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அண்ணிக்குப் பொறுக்காது. எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அடுத்த ரூட் எடுக்கிற நாளில் அவன் வரிசைக்குக் கடைசியில் இருந்தான். அதற்கடுத்த வருஷமும் பலகை அவன் முறைக்கு முன்பே காலி. சந்தை ரூட் டிரைவர் லீவு போட்டால் அந்த வண்டியில் மட்டும் என்னைப் போடாதீங்க என்று டைம்கீப்பரிடம் கேட்டுக்கொண்டானாம். எதற்கும் வாய் திறக்காதவன் கேட்டது அது ஒன்றுதான்.

பிறகு தூரத்து ஊர் டிப்போவில் டிரைவர் பற்றாக்குறை என்று ஆள் கேட்டார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

"நீ போயிட்டா இங்கே அவசர ஆத்திரத்துக்கு யாருடா இருக்கா?" என்றாள் மாமியார்.

"அண்ணன் இருக்காரேம்மா. நல்லா நடக்கறாரே."

அந்த வீட்டில் அவன் பேசிய பேச்சுகளில் அதுதான் கொஞ்சம் சூடானது. சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டு, அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

போன இடத்திலும் அவன் ஸ்பேர்தான். புது டிப்போவில் வரிசை புதிதாகத் தொடங்கும், மறுபடி கடைசியிலிருந்து. மாமியார் செத்தபோது வந்து எல்லாக் காரியமும் பார்த்துவிட்டு, யாரும் எழுந்திருப்பதற்கு முன் பஸ் ஏறிப் போய்விட்டான். இடது முழங்கால் அப்போதே வீங்கியிருந்தது. கிளட்ச் மிதிக்கிற காலுக்கு இது சகஜம் என்றான். படிக்கட்டில் நடுங்கிய கால் எது என்று அண்ணிக்குத் தெரியும். 

போன வருஷம் அவள் தனியாகப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். நரைத்துப்போயிருந்தான். காலை நீட்டித்தான் உட்கார முடிகிறது, மடக்கினால் உயிர் போகிறது என்றான். ஆனால் அவள் தடுத்தும் அவனே எழுந்து டீ போட்டுக் கொடுத்தான்.

"தனியா ஏன் கிடக்கறீங்க தம்பி? வீட்டுக்கு வந்துடுங்க. நானும் உங்க அண்ணனும்தானே இருக்கோம்? உங்க கட்டில் அப்படியே கிடக்கு."

"வரலாம்தான் அண்ணி. இன்னும் அதே மூணாவது மாடிதானே?"

"ஆமா."

"அப்போ அண்ணனால என்னைத் தூக்க முடியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் கேட்கவில்லை. அவன் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. அந்தத் தூரத்து ஊரில், டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ்த்தளத்தில் ஓர் அறையில் தனியாக இருக்கிறான்.